அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையைப் புதுப்பிக்கும் குழுவில் சேர்கிறீர்களா? எங்கே தொடங்குவது, எப்படிப் போவது

அமெரிக்காவில் இன்று ஓடும் 90-க்கும் மேற்பட்ட அணு உலைகளில் மிகப் பெரும்பாலானவை 1970களிலும் 80களிலும் மின்சாரம் தரத் தொடங்கியவை. 40 ஆண்டு உரிமத்தோடு தொடங்கியவை 60 ஆண்டுக்கு நீட்டித்துக்கொண்டன. வர்ஜீனியாவின் சர்ரி போன்ற நிலையங்கள் 80 ஆண்டு வரை ஓட ஒப்புதல் வாங்கிவிட்டன. உலைக் கலனைச் சோதித்துப் பார்த்து "இன்னும் தாங்கும்" என்று சொல்லிவிட முடிகிறது. கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடிவதில்லை. ரிலே, அனலாக் கார்டு, காகிதத்தில் கோடு போடும் ரெக்கார்டர் ஆகியவற்றைச் செய்த கம்பெனிகளில் பல இன்று இல்லை. ஸ்பேர் தேடினால் கிடைப்பதில்லை. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்று வருகிறார்கள். அதனால்தான் உலகெங்கும் பழைய நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறுகின்றன.

இந்த வேலைக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன், எலெக்ட்ரானிக்ஸ், சாஃப்ட்வேர் படித்த இளைஞர்கள் வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது "எந்தக் கண்ட்ரோலர், எந்தத் திரை" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஷிஃப்டில் உட்கார்ந்திருப்பவருக்கு உலையின் உண்மை நிலை, அவர் கையில் இருக்கும் நேரத்துக்குள், தெரிகிறதா? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவை.

1. ஒரே ஒரு விபத்தை விநாடி விநாடியாகப் படியுங்கள்

பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலண்ட் 2-ஆம் அலகு, 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. நீராவி உருவாக்கிகளுக்குத் தண்ணீர் தரும் பம்புகள் நின்றன. டர்பைன் நின்றது. உலையில் அழுத்தம் ஏறியது, அதைத் தணிக்கும் வால்வு திறந்தது, சில விநாடிகளில் உலையும் தானாக நின்றது. இதுவரை எல்லாம் வடிவமைத்தபடியே நடந்தன. அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆனால் பேனலில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது.

அந்த விளக்குக்கு வால்வோடு தொடர்பில்லை. வால்வைத் திறக்கும் சாலினாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் அது காட்டியது. மின்சாரம் நின்றதும் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மோட்டார் ஸ்விட்சின் விளக்கு எரிகிறது என்பதற்காக மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். உலையின் தண்ணீர் அந்த வால்வு வழியாக 2 மணி நேரத்துக்கும் மேல் வெளியேறிக்கொண்டே இருந்தது.

தடயங்கள் இல்லாமல் இல்லை. வெளியேறும் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. அந்த மீட்டர் முதன்மைப் பேனலுக்குப் பின்புறம் இருந்தது. வால்வுக்கு அடுத்த குழாயின் வெப்பம் அதிகமாகக் காட்டியது. ஆனால் அங்கே ஏற்கெனவே சிறு கசிவு இருந்ததால் அந்த அளவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று நேராகக் காட்டும் கருவியே கிடையாது. உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் அழுத்தச் சமன்கலத்தின் நீர் அளவை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். உலையின் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தும் அந்த அளவு ஏறியது. கலம் முழுக்க நிரம்ப விடக்கூடாது என்பது அவர்கள் பெற்ற பயிற்சி. அதனால் அவசரமாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பம்புகளை அவர்களே குறைத்தார்கள். முதல் சில நிமிடங்களில் 100-க்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. அலாரங்களை அச்சிட்ட பிரிண்டர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப் போனது. நின்ற பம்புகளுக்கு மாற்றாக நீராவி உருவாக்கிகளுக்குத் தண்ணீர் தர வேண்டிய துணை நீர்வழியின் வால்வுகள் மூடிக் கிடந்ததை 8 நிமிடம் வரை யாரும் கவனிக்கவில்லை. அவற்றுக்கான விளக்கு ஒன்றை ஒரு பராமரிப்புச் சீட்டு மறைத்துக்கொண்டிருந்தது. முடிவில் உலை எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது.

உங்களுக்கான பயிற்சி இது. ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று நெடும்பத்தி போடுங்கள். முதலாவதில் உலையில் நடந்தது, இரண்டாவதில் பேனல் காட்டியது, மூன்றாவதில் ஆபரேட்டர் நம்பியது. மேலே உள்ள ஒவ்வொரு நிகழ்வையும் இந்த மூன்றிலும் எழுதுங்கள். பத்திகள் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது. "ஆபரேட்டரின் தவறு" என்று எழுதத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். அதே பேனல் முன்னால், அதே பயிற்சியோடு, அதிகாலை 4 மணிக்கு நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

2. அது முன்பே நடந்திருக்கிறதா என்று தேடுங்கள்

த்ரீ மைல் ஐலண்டுக்கு 18 மாதம் முன்னால், 1977 செப்டம்பர் 24 அன்று, ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் அதே வகை வால்வு அதே போலத் திறந்தபடி மாட்டிக்கொண்டது. இரண்டும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் வடிவமைத்த உலைகள். அங்கேயும் ஆபரேட்டர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை குறைந்த சக்தியில் இருந்தது, ஏறக்குறைய 20 நிமிடத்தில் அவர்கள் கோளாற்றைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அதனால் பெரிய சேதம் இல்லை. ஆனால் அந்தப் பாடம் பென்சில்வேனியா ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்.ஆர்.சி.யின் நூரெக்-0711 ஆவணம், மனிதக் காரணிப் பொறியியல் (கருவிகளை மனிதரின் இயல்புக்கு ஏற்ப வடிவமைக்கும் துறை) திட்டத்தை 12 கூறுகளாகப் பிரிக்கிறது. திட்ட மேலாண்மைக்கு அடுத்து அதில் வருவது இந்த இயக்க அனுபவ ஆய்வுதான். உங்கள் கருவியும், அதன் பழைய வடிவமும், அதே வகை உலைகளும் எங்கெல்லாம் தொல்லை கொடுத்தன என்று தேடுங்கள். பிற தொழில்களையும் விட்டுவிடாதீர்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் எஸ்.எஸ்.ஜி-51 வழிகாட்டி (2019) இதே துறையைப் பற்றியது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பழைய பேனலைப் போய்ப் பாருங்கள், ஒட்டியிருப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்

வரைபடத்தில் இருக்கும் பேனல் வேறு, 40 ஆண்டு புழங்கிய பேனல் வேறு. மீட்டர் கண்ணாடியில் பேனாவால் போட்ட கோடு, ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒட்டிய வண்ண டேப், "இதைத் தொடும் முன் அதைப் பார்" என்ற துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். வடிவமைப்பாளர் விட்டுவைத்த ஓட்டையை ஆபரேட்டர் தன் கையால் அடைத்த இடங்கள் அவை. 1970களில் ஓர் அமெரிக்க நிலையத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்த இரண்டு கைப்பிடிகள் குழம்பிவிடக் கூடாது என்று ஆபரேட்டர்கள் அவற்றின் மேல் இரண்டு வேறு பீர்க் குழாய்களின் கைப்பிடிகளை மாட்டி வைத்திருந்தார்கள். இந்தத் துறையின் வகுப்புகளில் அந்தப் புகைப்படம் இன்றும் காட்டப்படுகிறது. அவர்கள் கண்ட தீர்வு சரியானது: கண்ணால் பார்க்காமலே கை வேறுபாட்டை உணர்ந்துவிடும்.

பிறகு ஷிஃப்டோடு உட்காருங்கள். பகல் ஷிஃப்ட் போதாது, இரவிலும் உட்காருங்கள். ஒப்படைப்பு நேரத்தில் ஒருவர் மற்றவருக்கு எதைக் காட்டிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஆபரேட்டர்களைக் கலந்துகொள்வது சப்ளையரோடு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே நடக்க வேண்டும். பல திட்டங்களில் திரை வரைந்து முடித்த பிறகு "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். அப்போது வண்ணத்தைத்தான் மாற்ற முடியும், வேலையின் வரிசையை மாற்ற முடியாது.

4. எது மனிதருக்கு, எது இயந்திரத்துக்கு

புதிய கண்ட்ரோலர் எதையும் தானாகச் செய்யும் என்பதால் எல்லாவற்றையும் அதனிடம் தள்ளிவிடாதீர்கள். உடனடியாக, ஒரே மாதிரி, தவறாமல் நடக்க வேண்டியவை இயந்திரத்துக்கு உரியவை. விபத்து தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்கு ஆபரேட்டர் கையை நம்பியிருக்கக் கூடாது என்று ஜெர்மனி விதி வைத்திருந்தது. எதிர்பாராதவை கலந்து வரும்போது எடைபோட்டு முடிவெடுப்பது மனிதரின் வேலை.

இதில் ஒரு பொறி உண்டு. தானியங்கி கண்ட்ரோலர் ஒரு சிறு கசிவைத் தானே ஈடுகட்டிக்கொண்டே போகும். அளவு சரியாகவே தெரியும். ஈடுகட்ட முடியாத எல்லையை எட்டியதும் "இனி நீ பார்த்துக்கொள்" என்று கையில் கொடுக்கும். அதுவரை ஆபரேட்டருக்கு எதுவும் தெரியாது. ஆகவே கண்ட்ரோலர் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு பாடுபடுகிறது, எல்லைக்கு எவ்வளவு தூரம் ஆகிய மூன்றும் திரையில் எப்போதும் தெரிய வேண்டும்.

5. ஒரு வேலையை எடுத்து நார் நாராக உரியுங்கள்

நீராவி உருவாக்கியில் ஒரு குழாய் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். உலையைச் சுற்றும் கதிரியக்க நீர் நீராவிப் பக்கம் கசிகிறது. ஆபரேட்டர் செய்ய வேண்டியவை: உடைந்தது எந்த உருவாக்கி என்று கண்டுபிடிப்பது, அதைத் தனிமைப்படுத்துவது, மற்றதைக் கொண்டு உலையைக் குளிர்விப்பது, உலைப் பக்க அழுத்தத்தை இறக்கிக் கசிவை நிறுத்துவது. தாமதமானால் உடைந்த உருவாக்கி நிரம்பி வழிந்து, நிவாரண வால்வு வழியாகக் கதிரியக்க நீர் வெளிக்காற்றுக்கே போகலாம்.

முதல் வேலையை மட்டும் பாருங்கள். எந்த உருவாக்கி? அதற்கு இரண்டு சான்று வேண்டும்: தண்ணீரைக் குறைத்தும் அதன் அளவு ஏறுகிறதா, அதன் நீராவிக் குழாயில் கதிர்வீச்சு கூடியிருக்கிறதா. இப்போது கேள்விகளை அடுக்குங்கள். இந்த இரண்டும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றனவா? அளவின் இப்போதைய எண் போதுமா, கடந்த 10 நிமிடப் போக்கு வேண்டுமா? ஏறுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி என்பதால் போக்குதான் வேண்டும். கதிர்வீச்சு மானி பழுதானால் வேறு எந்த அறிகுறியை நம்புவார்? தவறான உருவாக்கியைத் தனிமைப்படுத்திவிட்டால் அது எப்படித் தெரியவரும், திரும்பி வர எவ்வளவு நேரம் இருக்கிறது? அந்த நேரத்தில் அவருடைய கூட்டாளி எந்த வேலையில் இருப்பார்?

இப்படி ஒரு வேலைக்கே பல பக்கம் வரும். சலிப்பான வேலைதான். ஆனால் திரையில் என்ன வைப்பது என்ற சண்டைகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். பாதுகாப்பு ஆய்வில் "ஆபரேட்டர் இதை இத்தனை நிமிடத்தில் செய்வார்" என்று கணக்கில் எடுத்த வேலைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. இப்போதுதான் திரை

ஒரு வால்வின் சின்னத்தைக் கிளிக் செய்தால் சிறு பெட்டி திறக்கும். "திற" என்று தொட்டு, "உறுதி" என்று மறுபடி தொட வேண்டும். தவறுதலான தொடுதலைத் தடுக்க இந்த இரண்டு படி தேவை. அதன் பிறகு என்ன காட்டுகிறீர்கள் என்பதில்தான் 1979-இன் பாடம் இருக்கிறது. கட்டளை போனது என்பது ஒரு தகவல். வால்வு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. முழுதாகத் திறந்துவிட்டது என்று வால்விலேயே இருந்து அது எட்டிய இடத்தை உணரும் லிமிட் ஸ்விட்ச் சொல்வது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். குறித்த நேரத்தில் முடிவு வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். சென்சார் நம்பகமாக இல்லை என்றால் பழைய எண்ணை அப்படியே உறைய வைத்துக் காட்டாதீர்கள். எண் செல்லாது என்று பார்த்தவுடன் தெரியும்படி மாற்றிக் காட்டுங்கள். எண் உறைந்து நிற்பது திரைக்கே உரிய ஆபத்து.

வண்ணத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்யுங்கள். அமெரிக்க அணுமின் நிலையங்களில் சிவப்பு விளக்கு என்றால் வால்வு திறந்திருக்கிறது அல்லது பம்ப் ஓடுகிறது, பச்சை என்றால் மூடியிருக்கிறது அல்லது நிற்கிறது. வெளியிலிருந்து வரும் சாஃப்ட்வேர் பொறியாளருக்குச் சிவப்பு என்றால் ஆபத்து. ஒரே அறையில் பழைய பேனல் ஒரு பக்கமும் புதிய திரை மறுபக்கமும் இருக்கும்போது இரண்டு மொழி பேசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய பேனலை அப்படியே படம் எடுத்துத் திரையில் ஒட்டுவது மிக எளிது, மிக மோசமும் கூட. சுவர் நீளப் பேனலில் மூன்று பேர் நின்றால் யார் எங்கே கை வைக்கிறார் என்று ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்குப் பார்த்தவுடன் தெரியும். ஆளுக்கொரு மேசையில் ஆளுக்கொரு திரை வந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. சாவித்துவாரம் வழியே பெரிய வீட்டைப் பார்ப்பதாக இத்துறையினர் இதைச் சொல்வார்கள். வேண்டிய பக்கத்தைத் தேடித் திறப்பதே தனி வேலையாகிவிடும், அதுவும் மிக நெருக்கடியான நிமிடங்களில். ஆகவே அனைவரும் பார்க்கும் ஒரு பெரிய பொதுத் திரை வையுங்கள். உலையை நிறுத்துவது, அவசர நீர் பாய்ச்சுவது போன்ற சில கைப்பிடிகளைக் கணினி வழியாக இல்லாமல் நேரடிக் கம்பி இணைப்பிலேயே விட்டு வையுங்கள். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3 புத்தம் புதிய டிஜிட்டல் நிலையம். அங்கேயும் ஒழுங்குமுறை அமைப்பின் வற்புறுத்தலால் கணினி சாராத மாற்றுக் கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. இதை நான் பழமைவாதமாகப் பார்க்கவில்லை.

7. அலாரங்களைக் குறையுங்கள்

த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்களில் ஒருவர், அலாரப் பேனலையே தூக்கி எறியத் தோன்றியது என்று விசாரணை ஆணையத்திடம் சொன்னார். டிஜிட்டலில் அலாரம் சேர்க்கச் செலவே இல்லை என்பதால் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. ஈமுவா 191 என்ற தொழில் வழிகாட்டியின் அளவுகோல்: வழக்கமான ஓட்டத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்று, பெரிய கோளாறு தொடங்கிய முதல் 10 நிமிடத்தில் 10-க்குள். ஒவ்வொரு அலாரத்துக்கும் "இது அடித்தால் ஆபரேட்டர் என்ன செய்வார்" என்ற வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அது அலாரம் இல்லை, செய்தி. டர்பைன் நின்றபின் அதனால் இயல்பாக வரும் அலாரங்களை அடக்கி வையுங்கள். மிக முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் எப்போதும் மாறாத இடம் கொடுங்கள். பழைய பேனலின் அலாரக் கட்டங்களில் எது எரிகிறது என்று எழுத்தைப் படிக்காமலே, இடத்தை வைத்தே தெரிந்துகொண்டார்கள். பட்டியலாக ஓடும் அலாரத்தில் அது முடியாது.

8. திரையே இல்லாமல் போனால்?

அலபாமாவின் பிரௌன்ஸ் ஃபெரி 3-ஆம் அலகில், 2006 ஆகஸ்ட் 19 அன்று, நெட்வொர்க்கில் தகவல் வெள்ளமாகப் பாய்ந்தது. நீர் சுழற்சிப் பம்புகளின் வேகக் கண்ட்ரோலர்கள் திணறி நின்றன. இரண்டு பம்புகளும் நின்றுவிட, ஆபரேட்டர்கள் உலையைக் கையால் நிறுத்தினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 25 அன்று, சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் 1-இல் வெளி மின்தளத்தில் ஷார்ட் சர்க்யூட். தடையிலா மின்வழங்கிகள் (யு.பி.எஸ்.) நான்கில் இரண்டு செத்தன. டீசல் ஜெனரேட்டர்கள் நான்கில் இரண்டு தானாக இணையவில்லை. கட்டுப்பாட்டு அறையில் பல திரைகளும் மீட்டர்களும் இருண்டன. ஏறக்குறைய 22 நிமிடத்துக்குப் பிறகு ஆபரேட்டர்கள் அந்த ஜெனரேட்டர்களைக் கையால் இணைத்தார்கள்.

இரண்டிலிருந்தும் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு நெட்வொர்க் ஸ்விட்சும், ஒவ்வொரு மின்வழங்கியும் போனால் எந்தத் திரை இருளும், எந்த எண் உறையும், எந்தக் கைப்பிடி வேலை செய்யாது என்று பட்டியல் போடுங்கள். அதை ஆபரேட்டர்களுக்கும் கொடுங்கள். ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்திருக்கும் நான்கு சேனல்களில் ஒரே சாஃப்ட்வேர் ஓடினால் ஒரே பிழை நான்கையும் சாய்க்கும் என்பதை மறக்க வேண்டாம். தென் கரோலினாவின் ஒகோனி நிலையம் உலைப் பாதுகாப்பு அமைப்பை முழுக்க டிஜிட்டலாக்க 2010-இல் ஒப்புதல் பெற்று 2011-இல் முதல் அலகில் நிறுவியது. அமெரிக்காவில் அதுவே முதல். ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய ஆய்வுகளில் மிக நுணுக்கமாகக் கேட்பது இந்தப் பொதுக் காரணச் செயலிழப்பைப் பற்றித்தான்.

இணையப் பாதுகாப்பும் இங்கேயே வருகிறது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு, ஒப்பந்ததாரர் ஒருவரின் தனி இணைப்பு வழியாக ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு அதே டேவிஸ்-பெஸ்ஸுக்குள் நுழைந்தது. உலையின் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறக்குறைய 5 மணி நேரம் வேலை செய்யவில்லை. அப்போது உலை ஓட்டத்தில் இல்லை. 2019-இல் கூடங்குளத்தில் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் தீம்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. உலைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க் அதிலிருந்து தனித்திருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. உங்கள் புதிய அமைப்பில் யார், எந்த லேப்டாப்போடு, எங்கே செருகலாம் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

9. சிமுலேட்டரில் உண்மையான ஷிஃப்டை உட்காரவையுங்கள்

திரை வழிகாட்டு விதிகளுக்கு ஒத்துப்போகிறதா, ஒவ்வொரு வேலைக்கும் வேண்டியது எல்லாம் இருக்கிறதா என்ற இரண்டு சரிபார்ப்பும் காகிதத்தில் முடிந்துவிடும். மூன்றாவது, முழு அமைப்பையும் ஆட்களோடு சோதிப்பது. நார்வேயின் ஹால்டனில் 1983-இல் தொடங்கிய ஆய்வுக்கூடமும், அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் தொடுதிரைப் பேனல்களால் அமைத்த சிமுலேட்டரும் இதற்காகவே இருப்பவை.

வடிவமைப்பில் பங்கெடுத்த ஆபரேட்டர்களைச் சோதனைக்கு உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். என்ன கோளாறு வரப்போகிறது என்று ஷிஃப்டுக்குச் சொல்லாதீர்கள். கோளாறின் நடுவில் ஒரு திரையை அணைத்துப் பாருங்கள். எத்தனை விநாடியில் கவனித்தார்கள், யார் யாரிடம் சொன்னார்கள், கேட்டவர் திருப்பிச் சொன்னாரா, எங்கே தவறான பக்கத்தைத் திறந்தார்கள் என்று குறியுங்கள். தேர்வு வைப்பது அமைப்புக்கு, ஆபரேட்டருக்கு அல்ல என்று தொடங்கும் முன்பே அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் "இது எனக்குப் புரியவில்லை" என்று வாய் திறப்பார்கள்.

இதைத் திட்டத்தின் கடைசி மாதத்துக்குத் தள்ளினால் கண்டுபிடித்ததை மாற்ற நேரம் இருக்காது. முதல் வரைவுத் திரையோடே சிறிய அளவில் தொடங்கிவிடுங்கள்.

10. நிறுவுவதும் அதன் பிறகும்

நிறுவ நேரம் கிடைப்பது எரிபொருள் மாற்றும் நிறுத்தத்தில்தான். அமெரிக்காவில் அது 18 அல்லது 24 மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதனால் வேலை கட்டம் கட்டமாகவே நடக்கும். பின்லாந்தின் லோவீசாவிலும் ஆண்டு நிறுத்தங்களில் துண்டு துண்டாகச் செய்து 2018-இல் முடித்தார்கள். இதன் பொருள், ஆபரேட்டர் பல ஆண்டு பாதி பழையதும் பாதி புதியதுமான அறையில் வேலை செய்வார். இறுதி வடிவத்தைப் போலவே ஒவ்வொரு இடைக்கட்டத்தையும் வடிவமைத்து, சோதித்து, அதற்கான நடைமுறை நூலையும் பயிற்சியையும் தயார் செய்ய வேண்டும். சிமுலேட்டர் அறைக்கு முன்னால் மாற வேண்டும், பின்னால் அல்ல. இரண்டு அலகுகளுக்கும் ஒரே ஆட்கள் என்றால், ஒன்று புதியதும் மற்றது பழையதுமாக இருக்கும் மாதங்களை ஷிஃப்ட் பட்டியல் போடுபவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு முதல் ஆண்டு அடிக்கடி அறைக்குப் போங்கள். வழக்கமான வேலைகளுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, வேலை ஆய்வில் நீங்கள் எழுதிய நேரத்தோடு ஒப்பிடுங்கள். திரையின் ஓரத்தில் புதிதாகத் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். எழுதியவரிடம் ஏன் என்று கேட்டு, மாற்றக் கோரிக்கையாகப் பதிவு செய்யுங்கள்.